காப்புக் கட்டிய கையில் கிரைண்டர்

புஷ்பவள்ளிக்கு யாரையாவது புதிதாக அறிமுகம் செய்து வைத்தால் முகத்தைப் பார்க்க மாட்டாள். கையைப் பார்த்து விரல்களை எண்ணுவாள். பத்தும் சரியாக இருந்தால் பேச்சைத் தொடர்வாள். ஒன்பதரை இருந்தால், "எந்த மிஷின்ல?" என்று கேட்பாள். அந்த ஆளும் ஏதோ போரில் பதக்கம் வாங்கியவன் போலக் கதையை ஆரம்பிப்பான். முழுக்கக் கேட்டுவிட்டு, "ஓ, மூடியைக் கழட்டிட்டு வெட்டினீங்களா? ரொம்ப கெட்டிக்காரர்தான்" என்று சொல்லி அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவாள்.

ஐம்பத்திரண்டு வயது. சிடாம் கிரிப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டம் கைமாறி, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் காலியானபோது பாக்கார் ஆராங்கில் தொடர் வீடு ஒன்றுக்கு வந்தாள். பதினான்கு வருடம் சுங்கை பட்டாணியில் ஒரு எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் பூதக்கண்ணாடி வழியாகக் கண்ணுக்குத் தெரியாத கம்பிகளை ஒட்டிக்கொண்டிருந்தாள். தொழிற்சாலை ஒரு நாள் மூட்டை கட்டிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போனது. நாற்பது வயதில், தவுக்கே என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒரு சீன முதலாளியின் கிரில் கடையில் தரை கூட்டப் போனாள். கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்கிற கடை. வெட்டுகிற ஆள் ஒரு திங்கட்கிழமை வரவில்லை, அதற்கடுத்த திங்களும் வரவில்லை. வந்தபோது கையில் பெரிய கட்டு இருந்தது. அந்த இடைவெளியில் புஷ்பவள்ளி துடைப்பத்தை வைத்துவிட்டு, டிஸ்க் என்கிற வட்டத் தகடு சுழன்று இரும்பை வெட்டுகிற கிரைண்டரை எடுத்தாள். அவள் வெட்டிய கம்பியைத் தவுக்கே மட்டக்கோல் வைத்துப் பார்த்துவிட்டு, அடுத்த கம்பியையும் அவளிடமே நீட்டினார். பன்னிரண்டு வருடமாக அந்த மேசை அவளுடையது.

காலையில் அவள் செய்கிற முதல் வேலை பிளக்கை உருவுவது. உருவிய பிளக் தன் கண்ணில் படுகிற இடத்தில் கிடக்க வேண்டும், அதன் பிறகுதான் டிஸ்க்கில் கை வைப்பாள். பால் டின்னில் தேதி பார்ப்பது போல டிஸ்க்கின் நடுவிலுள்ள வளையத்தில் தேதி பார்ப்பாள், ஓரத்தைத் திருப்பித் திருப்பிக் கீறல் தேடுவாள். டிஸ்க்கைப் பாதி மறைக்கிற மூடியைத் தன் முகத்துக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் வருகிற மாதிரி திருப்பி இறுக்குவாள். தலைமுடி வலைக்குள் போகும், சட்டைக் கை பொத்தானுக்குள் போகும், அதன்மேல் தோல் ஏப்ரன், காலில் பூட்ஸ், கண்ணாடி, கண்ணாடிக்கு மேல் முகமறைப்பு. புது டிஸ்க் என்றால் ஆளில்லாத பக்கம் திருப்பி ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்பாள். வெட்டி முடித்தாலும் சுற்றுவது முழுக்க நிற்கும்வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே இருப்பாள்.

இதையெல்லாம் பார்த்து கடைப் பையன்கள் அவளுக்கு விண்வெளிக்காரி என்று பெயர் வைத்தார்கள்.

"ஆமாடா, நான் மேல போனாலும் பத்திரமா எறங்கி வந்துருவேன். நீ போனா அங்கேயே தங்கிருவ" என்றாள்.

ஆண்களின் துணிச்சல் அவளுக்கு ஓயாத வேடிக்கை. ஜப்பான் சிலிப்பர் என்கிற ரப்பர் செருப்பும் அரைக்கால் சட்டையும் போட்டுக்கொண்டு, வாயில் சிகரெட்டோடு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவார்கள். பொறி பறந்தால் ஒரு கண்தானே போகும் என்ற கணக்கு போலும். மூடி இருந்தால் வெட்டுகிற இடம் தெரியவில்லை என்பார்கள். கண் போன பிறகு எந்த இடம் தெரியும் என்று அவள் கேட்பாள்.

இந்த வேடிக்கையில் அவளுடைய கணவர் யோகேந்திரனும் தப்பவில்லை. அவர் கையுறைத் தொழிற்சாலையில் ஸ்டோர் பார்ப்பவர். அதிர்ந்து பேசத் தெரியாதவர், சுவரில் ஆணி அடித்தால் சுவருக்கு வலிக்குமோ என்று யோசிக்கிற ரகம். வீட்டில் குழாய், பூட்டு, மின்விசிறி எல்லாம் புஷ்பவள்ளியின் கைவேலை. கல்யாண வீடு, காதுகுத்து என்று எங்கே போனாலும் அவள் அவரை வைத்து ஒரு கதை சொல்வாள், கூட்டம் சிரிக்கும், அவரும் கூடச் சிரிப்பார். இருபத்தாறு வருடமாகச் சிரித்துக்கொண்டிருக்கிற மனிதருக்கு வலிக்கும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

தோட்டம் போனாலும் தோட்டத்து மாரியம்மன் கோயில் அங்கேயே இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை தீமிதிக்கு சிதறிப்போன குடும்பங்கள் எல்லாம் கார்களில் வந்து சேரும். போன வருடம் கூட்டம் நெருக்கியடித்ததில் இரண்டு பேர் பூக்குழி ஓரத்தில் தடுமாறி விழப் பார்த்தார்கள். அதனால் இந்த வருடம் குழியைச் சுற்றி இரும்புத் தடுப்பு வைப்பது என்று கோயில் குழு முடிவு செய்தது. குழுத் தலைவர் பரஞ்சோதி, பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கிற கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் யாரையாவது வரிசையில் நிறுத்தாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

கூட்டத்தில் புஷ்பவள்ளி எழுந்து, "கம்பியைக் கடைக்கு அனுப்பிருங்க தலைவரே. ஒரு நாள் வேலை. நான் வெட்டித் தாரேன்" என்றாள்.

பரஞ்சோதி தொண்டையைச் செருமினார். "அப்படிப் பண்ண முடியாதும்மா. பூக்குழிக்குப் பக்கத்துல நிக்கப்போற இரும்பு. கோயிலுக்குள்ளயேதான் செய்யணும். காப்புக் கட்டுனவங்கதான் செய்யணும். தோல் செருப்பு, தோல் கையுறை ஒன்னும் ஆகாது. அதோட பொம்பளைங்க கை..."

"பொம்பளை கைக்கு என்ன?"

"தீட்டு கீட்டு இருக்கும்லா."

"உள்ள உக்காந்திருக்கிறது யாரு தலைவரே, ஆம்பளையா?"

பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. பரஞ்சோதியின் முகம் சிவந்தது. அதோடு விட்டிருக்கலாம், புஷ்பவள்ளிக்கு விடத் தெரியாது. "வெறுங்காலோட, வேட்டியோட, காப்புக் கயித்தோட கிரைண்டர் பிடிக்கப் போறீங்களா? நல்லா இருக்கு. எங்க வீட்டுக்காரரையும் சேத்துக்குங்க. அவரும் காப்புக் கட்டுறவர்தான். ஸ்விட்ச் எங்க இருக்குன்னு தேடுறதுக்குள்ள திருவிழா முடிஞ்சிரும்" என்றாள்.

இந்த முறை ஆண்கள் பக்கமும் சிரித்தது. யோகேந்திரனும் சிரித்தார்.

கொடியேற்றத்தன்று அவர் வழக்கம்போல் காப்புக் கட்டிக்கொண்டார். மஞ்சள் கிழங்கு வைத்து முடிந்த கயிறு, வலது மணிக்கட்டில். தீ மிதித்து முடிகிறவரை அதைக் கழற்றக் கூடாது. வருடா வருடம் கட்டுகிறார், என்ன வேண்டுதல் என்று சொன்னதில்லை. வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். புஷ்பவள்ளியும் கேட்டதில்லை, கேட்கிற அளவுக்கு அது பெரிய விஷயமாக அவளுக்குப் படவில்லை. சனிக்கிழமை காலை அவர் மஞ்சள் வேட்டியில் கிளம்பிப் போன பிறகு நாத்தனார் குணவதி போன் செய்தாள்.

"புஷ்பா, தம்பி கம்பி வெட்டப் போறானாம்லா. கூட்டத்துல நீ பேசுனதுக்கு அப்புறம் அவனே தலைவர்கிட்டப் போயி நான்தான் வெட்டுவேன்னு பேர் கொடுத்திருக்கான். தெரியுமா?"

அவளுக்குத் தெரியாது. போனை வைக்கும்போது அவளுடைய கை நடுங்கியது. பன்னிரண்டு வருடத்தில் அந்தக் கை நடுங்கியது அதுதான் முதல் தடவை. கடைக்குப் போகத் தயாராக இருந்தவள், பூட்ஸோடு, பையோடு காரில் ஏறினாள்.

கோயிலில் ஒலிபெருக்கி அம்மன் பாட்டை அலறிக்கொண்டிருந்தது. பூக்குழிக்குப் பக்கத்தில் காப்புக் கட்டிய நான்கு ஆண்கள், நான்கு பேரும் வெறுங்கால். அவர்களுடைய பாதுகாப்பு ஏற்பாடு என்னவென்றால் கிரைண்டருக்கு விபூதி பூசி, சந்தனம் வைத்து, குங்குமம் இட்டிருந்தார்கள். ஒரு எலுமிச்சம்பழம் கூட நசுக்கியிருந்தார்கள். மூடியைத்தான் காணவில்லை. நான்கு அங்குல மிஷினில் ஏழு அங்குல டிஸ்க்கை மாட்டுவதற்காக அதைக் கழற்றி எறிந்திருந்தார்கள். டிஸ்க்கின் துளை பெரிதாக இருந்ததால் நடுவில் ஒரு வாஷர். ஒயர் ஈரப் புல்லில் கிடந்தது. லாரி ஓட்டுகிற சத்தியசீலன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கம்பியின் மேல் ஒரு காலைத் தூக்கி வைத்து அழுத்திப் பிடித்திருந்தான். அவன் பெருவிரலுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே ஒரு சாண் இருந்தால் அதிகம்.

கிரைண்டரைப் பிடித்திருந்தது யோகேந்திரன்.

வெட்டிக்கொண்டிருந்தார். பொறி வேட்டியின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. காப்புக் கயிற்றின் இரண்டு நுனிகளும் மணிக்கட்டிலிருந்து நாலு அங்குலம் தொங்கி, டிஸ்க் கிளப்பிய காற்றில் துடித்துக்கொண்டிருந்தன. அந்த நுனி ஒரு முறை டிஸ்க்கில் சிக்கினால் கயிறு அறுந்துவிடும் என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். அறுவதற்குள் கையை இழுத்துக்கொண்டு போய்விடும் என்று புஷ்பவள்ளிக்குத் தெரியும். தலைமுடியும் நூலும் சிக்கிய கதைகளை அவள் போதுமான அளவு கேட்டிருக்கிறாள். கத்தினாள். பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. செருப்புகள் குவிந்து கிடந்த வாசலைத் தாண்டி பூட்ஸோடு உள்ளே ஓடிப் பிளக்கைப் பிடுங்கினாள்.

முதலில் கத்தியது பரஞ்சோதி. "பூட்ஸ்! பூட்ஸ்! கோயிலுக்குள்ள தோல் பூட்ஸ்!"

"பூட்ஸை அப்புறம் பாருங்க தலைவரே. இந்த மிஷின் நிமிசத்துக்குப் பதினோராயிரம் சுத்து சுத்துது. அந்த டிஸ்க் எட்டாயிரத்து ஐந்நூறுதான் தாங்கும், அதுலயே எழுதியிருக்கு. வாசிக்கத் தெரிஞ்சவங்க யாரும் குழுவுல இல்லையா?"

"அக்கா, பதினஞ்சு வருசமா இப்படித்தான் வெட்டுறோம். ஒன்னும் ஆகல லா" என்றான் சத்தியசீலன்.

"ஆகியிருந்தா நீ இப்பப் பேசிக்கிட்டு இருக்க மாட்ட."

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். டிஸ்க் இன்னும் சுற்றி ஓயவில்லை. அவரோ அதை இடுப்போடு அணைத்துக்கொண்டு நின்றார். "அதைத் தள்ளிப் பிடிங்க. கயித்து நுனியையாவது சுத்தி உள்ள சொருகிக்குங்க. இல்ல, மேல ஒரு துணியக் கட்டிக்குங்க."

"காப்பை மறைக்கக் கூடாது" என்றார் பரஞ்சோதி. "கழட்டவும் கூடாது, மறைக்கவும் கூடாது. காப்பு இல்லாதவன் இந்த வேலையைத் தொடவும் கூடாது. சட்டம்னா சட்டம்."

"புஷ்பா, நீ வீட்டுக்குப் போ" என்றார் யோகேந்திரன்.

"போறேன். ஆம்புலன்சுக்குச் சொல்லி வச்சிட்டே போறேன். ஒங்களுக்கு எதுக்கு இந்த வேலை? ஒரு போல்ட்டை எந்தப் பக்கம் திருப்புறதுன்னு..."

"எல்லாரும் ஒரு தடவை சிரிச்சாச்சு." அவர் குரலை உயர்த்தவில்லை. "இன்னொரு தடவை சிரிக்க வைக்க வந்தியா?"

அவரை இங்கே கொண்டுவந்து நிறுத்தியது பரஞ்சோதியும் அல்ல, அம்மனும் அல்ல, தன்னுடைய நாக்குதான் என்று அந்த நேரத்தில் அவளுக்கு உறைத்தது. தன் மேலேயே அவளுக்கு அப்படி ஒரு வெறுப்பு வந்தது.

"இல்லங்க" என்றாள். "எனக்குப் பயமா இருக்கு. வேணாங்க."

ஆண்கள் சிரித்தார்கள். ஊரையே கிண்டல் செய்கிற வாய் பயமாக இருக்கிறது என்று சொன்னால் சிரிக்காமல் இருப்பார்களா? "அக்காவுக்கே பயமாம்லா!" என்று சொல்லிக்கொண்டே சத்தியசீலன் போய்ப் பிளக்கை மறுபடி செருகினான். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகு யோகேந்திரனால் பின்வாங்க முடியவில்லை. கிரைண்டரைத் தூக்கினார், கட்டைவிரல் ஸ்விட்சைத் தேடிப் போனது.

புஷ்பவள்ளி பையிலிருந்து தகரம் வெட்டுகிற கத்தரியை எடுத்தாள். இடது கையால் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். கயிற்றுக்கு அடியில் கத்தரியை விட்டு ஒரே அமுக்கு.

மஞ்சள் கிழங்கு இரும்புத்தூளில் விழுந்து உருண்டது. கட்டிய காப்பை அறுத்துப் போடுவது அந்தக் கோயில் வரலாற்றிலேயே நடக்காத காரியம். பரஞ்சோதியின் வாய் இரண்டு மூன்று முறை திறந்து மூடிய பிறகுதான் சத்தம் வந்தது.

"யோகேந்திரா, மிஷினைக் கீழ வை! காப்புப் போச்சு. நீ இனிமே தொடக் கூடாது!"

அவர் கீழே வைத்தார். மனைவி கெஞ்சி நடக்காததைத் தலைவரின் சட்டம் நடத்திக் கொடுத்தது. வாழ்நாளில் முதல் முறையாக அந்தச் சட்டத்தால் ஒரு மனிதனுக்கு நன்மை.

"கெட்டதைச் சொல்லிச் சொல்லியே கெடுக்குறது" என்று சத்தியசீலன் கிரைண்டரை எடுத்தான். "இப்பப் பாருங்க, என்னா ஆவுதுன்னு." ஸ்விட்சைத் தள்ளிக் கம்பியில் ஒரு அழுத்து அழுத்தினான். புஷ்பவள்ளி கணவரைச் சட்டையோடு பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தாள்.

பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். டிஸ்க் இருந்த இடத்தில் வாஷர் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு துண்டு புல்லில் புதைந்தது. இன்னொரு துண்டு பத்தடி தள்ளி மாட்டியிருந்த திருவிழாப் பதாகைக்குப் போய், கும்பிட்ட கையோடு அனைவரையும் வரவேற்றுக்கொண்டிருந்த பரஞ்சோதியின் படத்தில் சரியாகக் கழுத்தைத் துளைத்து, பின்னால் இருந்த வாழைமரத்தில் செருகி நின்றது. சத்தியசீலன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். உள்ளே இருந்த கண்கள் பத்து வயதுப் பையனுடைய கண்கள் போல இருந்தன. இரண்டும் இருந்தன என்பதுதான் விசேஷம்.

"அம்மா காப்பாத்திட்டா" என்றார் பரஞ்சோதி, பதாகையைப் பார்த்துத் தன் கழுத்தைத் தடவிக்கொண்டு.

குழு அங்கேயே கூடியது. ஆபத்து என்றால் இவர்கள் உடனே செய்கிற ஒரே வேலை கூட்டம் போடுவதுதான். மூடி இல்லாத மிஷினைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. வேகம் தாங்காத டிஸ்க்கைப் பற்றிப் பேசவில்லை. காப்பை அறுத்த குற்றத்துக்காகவும் பூட்ஸோடு நுழைந்த குற்றத்துக்காகவும் புஷ்பவள்ளி இந்த வருடம் பூக்குழிப் பக்கம் வரக் கூடாது என்று ஒருமனதாக முடிவானது. யோகேந்திரன் தீ மிதிக்க முடியாது என்பதும் முடிவானது. அதோடு, கம்பிகளை வெளியே கொடுத்து வெட்டிக்கொண்டு வந்து மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொள்ளலாம், அது சட்டத்துக்கு உட்பட்டதுதான் என்றும் பரஞ்சோதி கண்டுபிடித்தார். எந்தக் கடை என்று ஒருவர் கேட்டார். பாக்கார் ஆராங்கில் ஒரு சீனர் கடை இருக்கிறது, வேலை சுத்தம் என்றார் இன்னொருவர். அங்கே வெட்டுவது யார் என்று அத்தனை பேருக்கும் தெரியும், அத்தனை பேரும் வானத்தைப் பார்த்தார்கள். சத்தியசீலன் கம்பிகளை லாரியில் ஏற்றப் போனான்.

புஷ்பவள்ளி காரை எடுத்தாள். யோகேந்திரன் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டில் இருந்த மஞ்சள் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கார் பாமாயில் செம்பனைத் தோப்பைத் தாண்டியது.

"கோவமா?" என்று கேட்டாள்.

"கோவம் இல்ல. வேண்டுதல் பாதியில போச்சு."

"என்ன வேண்டுதல்? அதான் அறுந்துபோச்சே, இனிமே சொன்னா என்ன?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "நீ அந்தக் கடையில மிஷினைத் தொட்ட வருசம் ஆரம்பிச்சேன். ஒன் கைக்காக."

அவள் வேகத்தைக் குறைத்தாள். "என் கைக்கு என்ன? நான் என்ன அவனுங்க மாதிரியா வெட்டுறேன்? மூடி போட்டிருக்கேன், கண்ணாடி போட்டிருக்கேன், எல்லாம்தான் பாத்துப் பாத்துச் செய்றேன்."

"தெரியும் புஷ்பா. ஒன்ன மாதிரி யாரும் பாத்துச் செய்ய மாட்டாங்கன்னு தெரியும். ஆனா போன் அடிச்சா எனக்குக் கை நடுங்கும். ஸ்டோர்ல எல்லாருக்கும் தெரியும்." மணிக்கட்டைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, "இன்னிக்குக் காலையில ஒனக்கு ஒரு அரை மணி நேரம் பயமா இருந்துச்சுல்ல, அதேதான். எனக்குப் பன்னெண்டு வருசம்" என்றார்.

புஷ்பவள்ளி காரை ஓரமாக நிறுத்தினாள். ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, முகத்தைத் துடைக்கக்கூட எடுக்காமல், வாய்விட்டு அழுதாள்.

"இதைச் சொல்றதுக்குப் பன்னெண்டு வருசமா?" என்று அழுகைக்கு நடுவில் அவரைத் திட்டினாள். "நீங்களும் ஒரு மனுசனா?"